போக்கிமான் உருவங்கள்: பழையதும் புதியதும்

1996இல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் விளையாட்டுகளில் 151 உயிரினங்கள். கேம் பாயின் நான்கே சாயல் கொண்ட குட்டித் திரையில் நிறத்துக்கு வேலையில்லை, உருவக்கோடுதான் அடையாளம்.

2010இல் பிளாக், ஒயிட் விளையாட்டுகள் வந்தபோது குப்பைப் பை டிரபிஷும் ஐஸ்கிரீம் வனிலைட்டும் கற்பனை வறட்சி என்று ஏச்சு வாங்கின. ஏச்சில் பாதி பழைய பாசம்தான். முதல் விளையாட்டுகளின் வோல்டார்பும் வெறும் பந்துதான். அதைப் பெரிதாக்கித் தலைகீழாகக் கவிழ்த்தால் எலக்ட்ரோட். மூன்று மேக்னமைட் ஒட்டிக்கொண்டால் மேக்னட்டான், அவ்வளவுதான்!

டிரபிஷிலாவது ஒரு யோசனை இருக்கிறது. பையின் கட்டிய முனைகள் காதுகளாக நீள்கின்றன. அடுத்த வடிவமான கார்போடரில் பை கிழிந்து, உள்ளிருந்த குப்பையே உடலாகப் பிதுங்குகிறது. வனிலைட்டுக்கு அந்த நியாயம் செல்லாது. அதன் கடைசி வடிவம் வனிலக்ஸ், இன்னொரு தலை முளைத்த அதே ஐஸ்கிரீம்.