கதவைத் திறந்தவளின் கதை

ஜோக்கர் ஏன் இப்படி ஆனான் என்று தொடக்கத்தில் யாரும் கேட்கவில்லை. 1940-ல் பேட்மேன் முதல் இதழில் வந்தான். வெளிறிய முகம், பச்சை முடி, உதட்டில் அழியாத இளிப்பு. இன்னாரை இத்தனை மணிக்குக் கொல்வேன் என்று வானொலியில் அறிவித்துவிட்டுச் சொன்னபடியே கொன்றான். பாப் கேன், பில் ஃபிங்கர், ஜெர்ரி ராபின்சன் மூவரில் அவனை உண்மையில் படைத்தது யார் என்பதே பிற்காலத்தில் பெரிய வாதமாகிவிட்டது. இதில் அவனுடைய அப்பா அம்மாவைத் தேடி யார் போவார்கள்?

1951-ல் ஃபிங்கர் ஒரு காரணம் சொன்னார். சிவப்பு முகமூடி போட்ட திருடன் ஒருவன் சீட்டுக்கட்டுக் கம்பெனியில் கொள்ளையடிக்கிறான். பேட்மேனிடமிருந்து தப்ப ரசாயனக் கழிவில் குதிக்கிறான். கரையேறும்போது தோல் வெளுத்து, முடி பச்சையாகிவிட்டது. அவனுக்கு இருந்தது பத்து லட்சம் டாலர் மீது ஆசை, அவ்வளவுதான். கண்ணீர்க் கதை ஏதும் இல்லை. வாசகர்களும் சரி என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள்.

சண்டை தொடங்கியது 1988-ல். ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' ஐம்பது பக்கம்கூட வராத புத்தகம். அதில் ஜோக்கருக்கு ஒரு குடும்பம் கிடைத்தது. ரசாயனத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு மேடையில் ஜோக் சொல்லிப் பிழைக்கப் பார்த்து, யாரையும் சிரிக்க வைக்க முடியாத ஓர் ஏழை. வீட்டில் கர்ப்பிணி மனைவி, பெயர் ஜீனி. வாடகைக்கு வழியில்லை. பழைய தொழிற்சாலை வழியாகப் பக்கத்து சீட்டுக்கட்டுக் கம்பெனிக்குள் புக வழிகாட்டினால் பணம் தருகிறோம் என்கிறது ஒரு கொள்ளைக் கும்பல். ஒப்புக்கொள்கிறான். அன்றே, குழந்தைப் புட்டியைச் சூடாக்கும் கருவியில் மின்சாரம் தாக்கி மனைவி இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. இனி பணம் எதற்கு என்று விலகப் பார்க்கிறான், கும்பல் விடவில்லை. முகமூடியை மாட்டி இழுத்துப் போகிறார்கள். மற்றது 1951-ல் சொன்ன அதே ரசாயனம்.

வாசகர்கள் பிரிந்தார்கள். ஒரு பக்கத்தார், கடைசியில் இவனும் மனிதன்தான் என்று நெகிழ்ந்தார்கள். போலண்ட் வரைந்த அந்த ஒடுங்கிய முகம், கடன்காரனைப் போல் மனைவி முன் நிற்கும் அந்தக் கூச்சம், இதையெல்லாம் பார்த்தபின் அவனைப் பழையபடி வெறுக்க முடியவில்லை என்றார்கள். மறு பக்கத்தார் கொதித்தார்கள். எங்கிருந்து வந்தான் என்று தெரியாததுதான் அவன் பயங்கரமே, இப்போது பூதத்துக்கு ரேஷன் கார்டு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள் என்பது அவர்கள் கட்சி. மூர் கெட்டிக்காரர். இந்தச் சண்டை வரும் என்று தெரிந்தே, கதைக்குள் ஜோக்கரையே ஒன்று சொல்ல வைத்தார்: தன் கடந்தகாலம் ஒருநாள் ஒருவிதமாக நினைவுக்கு வருகிறது, இன்னொரு நாள் வேறுவிதமாக வருகிறது, பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதே தனக்குப் பிடிக்கும். ஆக இரண்டு கட்சிக்கும் ஆதாரம் அதே புத்தகத்தில். 2008-ல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில் ஹீத் லெட்ஜர் தன் வாய்த் தழும்புக்கு இருவரிடம் இரு வேறு கதை சொல்வாரே, அதன் மூலம் இங்கேதான் இருக்கிறது.

நாம் இந்தச் சிக்கல் இல்லாமலே ஒரு வில்லனைக் கொண்டாடியவர்கள். சிவகாசியில் லயன் காமிக்ஸ் 1984-ல் தொடங்கியபின் நம் வீட்டுப் பிள்ளைகள் ஸ்பைடர் பின்னால் அலைந்தார்கள். பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் 1965-ல் பிறந்தவன். கூர்காதும் வலைத் துப்பாக்கியுமாகக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாகப் பார்த்தவன், பிறகு அவர்களையே வேட்டையாடியவன். அவனுடைய இளமைக்காலத் துயரம் என்ன என்று எந்தப் பையனும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அடுத்த புத்தகம் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

கில்லிங் ஜோக்கின் வாதத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு மோசமான நாள் போதும், எந்த நல்லவனும் தன்னைப்போல் பைத்தியமாகிவிடுவான் என்று நிரூபிக்கப் பார்க்கிறான் ஜோக்கர். அதற்காகக் காவல் ஆணையர் ஜிம் கார்டனின் மகள் பார்பராவைச் சுடுகிறான். கார்டனைக் கடத்திப்போய், பாழடைந்த பொருட்காட்சித் திடலில் வைத்து, குண்டடிபட்ட மகளின் படங்களை அவர் கண்முன் காட்டுகிறான். கார்டன் உடைந்து அழுகிறார், ஆனால் பைத்தியமாகவில்லை. காப்பாற்ற வந்த பேட்மேனிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: அவனைச் சட்டப்படி பிடித்து வா. மோசமான நாள் தத்துவத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. எழுபது வயதைத் தாண்டியவனுக்கு இதற்குப் புத்தகமும் வேண்டியதில்லை. காலையில் மனைவியைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்து, மாலையில் பிள்ளைகளுக்கு உலை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் ஊரைக் கொளுத்தவில்லை.

ஆனால் இந்த இரண்டு கட்சிகளும் பார்க்காமல் விட்ட ஒருத்தி இருக்கிறாள். அழைப்பு மணி கேட்டு, தோழி வந்திருப்பாள் என்று கதவைத் திறந்தவள் பார்பரா. வெளியே பூப்போட்ட சட்டையும் கேமராவுமாக ஜோக்கர் நின்றான். குண்டு முதுகெலும்பைப் பிளந்தது. பின்பு மருத்துவமனைப் படுக்கையில் அவள் பேசும் சில வார்த்தைகளும் அப்பாவைப் பற்றிய கவலைதான். அதோடு புத்தகத்திலிருந்து காணாமல் போகிறாள். 1967 முதல் பேட்கேர்ளாகப் பறந்தவள், நூலகம் நடத்தியவள், முனைவர் பட்டம் பெற்றவள், மூன்று ஆண்களின் மனநிலை ஆராய்ச்சிக்குக் கருவியாகிப் போனாள். கடைசிப் பக்கத்தில் மழையில் நின்று ஜோக்கர் ஒரு ஜோக் சொல்ல, பேட்மேனும் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் நடுவே பேட்மேன் அவனைக் கொன்றாரா இல்லையா என்று ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மகள் படுக்கையில் கிடக்க இவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்று கேட்டவர்கள் அன்று குறைவு. தன்னைப் பதிப்பாளர்கள் அப்போதே தடுத்திருக்க வேண்டும் என்று மூரே பிற்காலத்தில் சொன்னார்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்று குறுக்கே வருகிறது. குடும்பப் பஞ்சாயத்துகளில் பெரியவர் என்ற பெயரில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கணவன் கை நீட்டிவிட்டான் என்று பெண் வீட்டார் வந்திருப்பார்கள். கூடத்தில் பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அது அவனுடைய சரித்திரமாகிவிடும். “அவனும் பாவம் அண்ணா, அவங்கப்பா பெல்ட்டாலேயே அடிச்சு வளர்த்தவரு.” “ஆபீஸ்ல மேலதிகாரி படுத்தற பாடு உங்களுக்குத் தெரியாது மாமா.” எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அடிபட்ட பெண் அடுப்படியில் நின்று எங்களுக்குக் காபி கலந்துகொண்டிருப்பாள். அவளுடைய சிறுவயதைப் பற்றி அந்தக் கூடத்தில் ஒருவர் பேசிக் கேட்டதில்லை. அவள் என்ன படித்தாள், எதை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தாள் என்பது பேச்சுக்கே வராது. அடித்தவனுக்கு முன்கதை உண்டு, அடிபட்டவளுக்குப் பொறுமை மட்டும் உண்டு. காரணம் தெரிந்துகொள்வது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் தெரியாமல் ஒரு மனிதனைத் திருத்த முடியாது. ஆனால் யாரை முதலில் உட்கார வைத்துக் கேட்கிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

காமிக்ஸ் உலகில் அதை உணர்ந்தவர்கள் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவர் மனைவி கிம் யேலும். பார்பராவுக்கு நடந்தது அவர்களை உறுத்தியது. நடந்ததை நடக்கவில்லை என்று அழிக்காமல், அதற்கு அப்புறம் அவள் என்ன ஆனாள் என்று எழுதினார்கள். 1989-ல் 'சூசைட் ஸ்குவாட்' இதழில் ஆரக்கிள் என்ற பெயரில் கணினித் திரைக்குப் பின்னால் ஒரு குரல் முளைத்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, தகவல்களால் நாயகர்களை வழிநடத்தும் அந்தப் பெண் பார்பராதான் என்பது பிறகு தெரிந்தது. 1996-ல் இருவரும் அவள் எழுந்த கதையைத் தனியாகவே எழுதினார்கள், பிரையன் ஸ்டெல்ஃப்ரீஸ் வரைந்தார். அந்தக் கதையில், அன்று மழையில் ஜோக்கரோடு நின்று சிரித்தது ஏன் என்று பேட்மேனையே அவள் கோபத்தோடு கேட்கிறாள். எட்டு ஆண்டு தாமதமாக, கேட்க வேண்டியவள் வாயிலிருந்து கேள்வி வந்தது. அடுத்த ஆண்டே கிம் யேல் புற்றுநோயில் மறைந்தார்.

ஜீனியின் கதை 2020-ல்தான் திரும்பியது. ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஜேசன் ஃபேபோக் வரைந்த 'த்ரீ ஜோக்கர்ஸ்' மூன்று இதழ்களாக வந்தது. அதில் ஜீனி சாகவே இல்லை. கணவனிடமிருந்து தப்பிக்கக் காவல்துறை உதவியோடு இறந்ததாகக் காட்டிவிட்டு, அலாஸ்காவில் மகனோடு வாழ்கிறாள். முப்பதாண்டுக்கு மேல் ரசிகர்கள் உருகிய அந்த ஏழைக் கணவனின் சோகம், அவன் மட்டுமே சொன்ன சோகம். அவள் பக்கம் கேட்டால் அது வேறு வீடு. இதற்கும் ரசிகர்கள் பிளவுபட்டார்கள். பழைய காவியத்தைக் கெடுத்துவிட்டார் என்று பலர் ஜான்ஸை ஏசினார்கள். மூன்று ஜோக்கர்கள் என்ற உத்தி எனக்கும் சுவைக்கவில்லை. ஆனால் ஜீனியை உயிரோடு எழுப்பியதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

நல்ல எண்ணத்தோடு செய்வதும் சுலபமாக முடிவதில்லை. 2011-ல் டிசி நிறுவனம் தன் இதழ்களையெல்லாம் புதிதாகத் தொடங்கியபோது பார்பராவை நடக்க வைத்து மீண்டும் பேட்கேர்ளாக்கியது. எழுதியவர் கெயில் சிமோன். ஆண் நாயகர்களின் கதையை நகர்த்தப் பெண்களைப் பலியிடும் வழக்கத்தை 1999-லேயே பட்டியலிட்டுக் காட்டியவர். பழைய ரசிகர்கள் சிலருக்குக் கொண்டாட்டம். சக்கர நாற்காலியில் இருக்கும் வாசகர்கள் பலருக்கோ தங்களில் ஒருத்தி பறிபோன வருத்தம். இருவருக்கும் நியாயம் உண்டு. எனக்கு அந்த இரண்டாம் வருத்தம்தான் கனமாகத் தெரிகிறது. 2015-ல் ரஃபேல் அல்புகர்க்கி வரைந்த ஒரு பேட்கேர்ள் அட்டைப்படத்தில், அழும் பார்பராவின் தோளில் கைபோட்டு ஜோக்கர் இளித்தான். எதிர்ப்பு எழுந்தது, ஓவியரே கேட்டுக்கொண்டு அதைத் திரும்பப் பெறவைத்தார். கலைஞனின் சுதந்திரம் போயிற்று என்று மறுபடி ஒரு கூட்டம் கத்தியது. வரைந்தவரே வேண்டாம் என்றபின் அது யாருடைய சுதந்திரமோ!

பிறகு 2019-ல் ஜோக்கர் தன் கதையைத் தனிப் படமாகவே பெற்றான். வெனிஸில் தங்கச் சிங்கம், வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கர், நூறு கோடி டாலருக்கு மேல் வசூல். அவன் ஆடிக்கொண்டே இறங்கிய நியூயார்க் படிக்கட்டில் நின்று படமெடுத்துக்கொள்ள ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள்.

உங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை யாராவது கில்லிங் ஜோக்கைக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அந்த வயதுக்கானது அல்ல அது. கொடுக்கும்போது ஆஸ்ட்ராண்டரும் யேலும் 1996-ல் எழுதிய பார்பராவின் கதையையும் தேடிச் சேர்த்துக் கொடுங்கள். படித்து முடித்தபின் ஜோக்கரைப் பற்றி அவர்களே பேசுவார்கள், நீங்கள் பார்பராவைப் பற்றிக் கேளுங்கள்.