விசையின் கனம்

துப்பாக்கியைப் பற்றி எழுத நமக்கென்ன தகுதி என்று நேயர்கள் வினவலாம். சுட்டறியாதவர்தாம் நாம். ஆயினும், 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறி வாழும் நம் தமையனார் மகன் வீட்டில் ஒரு திங்கள் தங்கியிருந்தபோது அருகிருந்து கண்ட ஒன்றைச் சொல்லாதிருக்க மனம் ஒப்பவில்லை.

அவனிடம் அணில் வேட்டைக்குரிய பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. கீழேயுள்ள நெம்புகோலைத் தாழ்த்தி உயர்த்தினால் அடுத்த தோட்டா தானே உள்ளேறும். 1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பார் காப்புரிமை பெற்ற துப்பாக்கியின் வழிவந்தது இவ்வினம். குறை ஒன்றே: விசை மிகக் கனம். மீன் நிறுக்கும் வில்தராசை அதில் மாட்டி இழுத்துக் காட்டினான். முள் ஏழரை ராத்தலைத் தொட்டது. துப்பாக்கியின் எடையோ ஆறரை ராத்தல்! அவ்வளவு வலிந்து இழுக்கையில் குழல் அசையாதிருக்குமோ?

தோட்டாவை அடிக்கும் உறுப்பைக் குதிரை என்பர். அதன் அடியிலுள்ள வெட்டில் விசையின் மூக்கு மாட்டிக்கொண்டு, வில்லின் அழுத்தத்தைத் தடுத்து நிற்கிறது. மூக்கு வழுக்கி வெளிவர வேண்டிய தூரமும், உராய்வும், வில்லின் வலிமையும் சேர்ந்ததே விரல் உணரும் கனம். இதனையறிந்த நம் பிள்ளையாண்டான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரத்தை எடுத்து வெட்டின் ஆழத்தைக் குறைத்தான். வில்லிலும் இரு சுற்றுகளைத் துண்டித்தான். விசை பட்டுப்போல் ஆயிற்று. நாமும் மெச்சினோம், அதை மறைப்பானேன்?

இவ்வகைத் தோட்டாவில், மருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிவிளிம்பின் மடிப்புக்குள் அடங்கியிருக்கிறது. ஊசி அவ்விளிம்பை நசுக்கினாலன்றி வெடியாது. மெலிந்த வில்லுக்கு அது இயலவில்லை. பத்தில் மூன்று தோட்டாக்கள் வாளாவிருந்தன. அதுவாவது பொறுக்கத்தக்கது. மாலையில் அவன், தோட்டா உள்ளிருக்க, குதிரையும் ஏறியிருக்க, துப்பாக்கியின் கட்டையை வாசற்படிமேல் சற்றே ஊன்றினான். விசையை எவரும் தொடவில்லை. வெடித்தது. தாழ்வாரக் கூரையில் துளை. மேற்படியில், அக்குழலிலிருந்து இரண்டு முழத்தில், ஏழு வயது மகன் கையிலிருந்த ரொட்டியோடு நின்றான்.

அன்றிரவு அவனுடைய மாமியார், "சனிப் பார்வை, சம்பந்தி" என்று கற்பூரம் ஏற்றினார். "சனிக்கும் அரத்துக்கும் என்ன உறவு, சம்பந்தியம்மா?" என்றோம். அவர் விடை தரவில்லை.

மறுவாரம் துப்பாக்கி செப்பனிடும் முதியவர் ஒருவர் அதைப் பிரித்தார். மேற்புறம் மட்டுமே கடினமேற்றிய எஃகு அது. அரம் அத்தோலை உரித்து மெல்லிய உட்பகுதியை வெளிக்காட்டியிருந்தது. அத்தகைய வெட்டு மேலும் மேலும் தேயுமேயன்றி நிலைக்காதாம். புதிய குதிரையும் முழு வில்லும் இட்டார். விசையைச் சுற்றிப் பல்லாண்டு எண்ணெய் பசையாய் இறுகிக் கிடந்ததைக் கழுவினார். கோணம் மாறாதபடி நுண்ணிய சாணைக்கல்லால் மெருகிட்டார். அவ்வளவே. முள் ஐந்து ராத்தலில் நின்றது. முதற்கண் கழுவிப் பார்த்திருந்தால் அரமே வேண்டியிருந்திராது போலும்!

நாம் புறப்படும் நாள்வரை, வெளியே எடுத்துச் செல்லுமுன் ஒவ்வொரு முறையும் அவன் தோட்டாக்களை அகற்றுவான். சுட்ட வெறுங்கூடு ஒன்றை உள்ளிட்டு (வெற்றறையில் ஊசி விழின் குழல்வாய் விளிம்பைக் கொத்திவிடும்) குதிரையை ஏற்றி, ரப்பர்ச் சுத்தியால் கட்டையைத் தட்டிப் பார்ப்பான். மகன் பின்னால் நின்று எண்ணுவான். பத்துத் தட்டுக்கும் குதிரை அசையவில்லை.