ம்ம் கொட்டி எழுதின சட்டம்

இன்டர்நெட்டுக்கு முதலாளி யாருன்னு பெரியப்பா ஒருநாள் கேட்டார். அப்படி யாரும் இல்ல பெரியப்பான்னேன். "மொதலாளி இல்லாம பொட்டிக்கடை கூட ஓடாது, போடா"ன்னுட்டுப் போயிட்டார். நியாயமான சந்தேகம்தான். பொட்டி தட்டுற நம்மள்ல பல பேருக்கே இதுக்குப் பதில் சரியாத் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா பயப்படாம வாங்க.

இன்டர்நெட்ங்கறது ஒரே நெட்வொர்க் கிடையாது. டெலிகாம் கம்பெனி, பல்கலைக்கழகம், வங்கின்னு ஆளாளுக்குத் தனியா வச்சிருக்கிற பல்லாயிரம் நெட்வொர்க்குகளோட கூட்டு. உள்ளே எப்படி ஓட்டறதுங்கறது அவங்கவங்க இஷ்டம். ஒவ்வொண்ணுக்கும் ஏஎஸ் நம்பர்னு ஒரு எண் உண்டு. இவங்க ஒருத்தருக்கொருத்தர் வழி சொல்லிக்கிற மொழிதான் பார்டர் கேட்வே புரோட்டோகால், சுருக்கமா பிஜிபி. பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணினோமே, அதே ஐட்டம்தான்.

வேலை செய்யற விதம் வெளியூர்ல வழி கேக்கிற மாதிரிதான். "இந்த முகவரியெல்லாம் எங்கிட்ட இருக்கு"ன்னு ஒரு நெட்வொர்க் பக்கத்து நெட்வொர்க்கிட்ட சொல்லும். அது தன் நம்பரையும் முன்னால சேர்த்து அடுத்தவர்கிட்ட சொல்லும். வந்த பட்டியல்ல தன் நம்பரே இருந்தா, சுத்திச் சுத்தி நம்மகிட்டயே வருதுன்னு தூக்கிப் போட்டுடும். ஒரே இடத்துக்கு ரெண்டு பேர் வழி சொன்னா, அதிகத் துல்லியமா சொன்னவர் பேச்சுதான் எடுபடும். ஊர்ப் பேரைச் சொன்னவரை விடத் தெருப் பேரைச் சொன்னவர் விவரமானவர்ங்கற கணக்கு. இந்தக் கடைசி விதியை ஞாபகம் வச்சுக்குங்க. வில்லன் இது வழியாத்தான் வரப்போறான்.

இதுக்கு முன்னாடி இருந்தது இஜிபி. எரிக் ரோசன் 1982ல ஆர்எஃப்சி 827ஆ எழுதினது. நடுவுல ஒரு அடிமரம், மத்தவங்க எல்லாம் கிளைங்கற நெனப்புல செஞ்சது. அமெரிக்காவுல என்எஸ்எஃப்நெட் வந்து, நெட்வொர்க்குகள் குறுக்கும் நெடுக்குமா இணைய ஆரம்பிச்சதும் மரம் வலையாயிடுச்சு. இஜிபிக்கு மூச்சு முட்டிச்சு.

1989 ஜனவரியில டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின்ல ஐஇடிஎஃப் கூட்டம். அங்க சாப்பாட்டு நேரத்துல சிஸ்கோவோட கிர்க் லாஹீடும் ஐபிஎம்மோட யாக்கோவ் ரெக்டரும் கை துடைக்கிற பேப்பர்லயே புது முறையைக் கிறுக்கினாங்க. ரெண்டு பேப்பர்னு சிலர் சொல்வாங்க, மூணுன்னு சிலர். அதே வருஷம் ஜூன்ல அது ஆர்எஃப்சி 1105 ஆச்சு. இன்னிக்கு உலகம் பூரா ஓடறது அதோட நாலாவது பதிப்பு. 1995ல ஆர்எஃப்சி 1771ஆ வந்து, 2006ல 4271ஆ திருத்தப்பட்டது. அவசரத்துக்குப் போட்ட ஒட்டு, முப்பது வருஷத்துக்கு மேல தாங்குது!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்தக் கூட்டம் நடக்கிற விதம். ஐஇடிஎஃப்ல உறுப்பினர் அட்டை கிடையாது, யார் வேணா பேசலாம். அதனால ஓட்டெடுப்பும் கிடையாது. உறுப்பினரே இல்லாத இடத்துல யார் ஓட்டை எண்றது? கருத்து எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்க, யோசனை பிடிச்சவங்க "ம்ம்ம்"னு முனகுவாங்க. நம்ம பாட்டி கதைக்கு ம்ம் கொட்டுவோமே, கிட்டத்தட்ட அதேதான். ராஜாவும் வேணாம், ஜனாதிபதியும் வேணாம், ஓட்டும் வேணாம், ஓரளவு ஒத்த கருத்தும் ஓடற ப்ரோக்ராமும் போதும்ங்கற பொருள்ல டேவிட் கிளார்க் 1992ல சொன்னதுதான் இன்னிக்கும் அவங்க வேதவாக்கு.

சரி, சிக்கலுக்கு வருவோம். பிஜிபி எழுதினப்ப எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. சொன்னா நம்பினாங்க. "இந்த முகவரி உன்னுதுதானா?"ன்னு கேக்கிற வழியே புரோட்டோகால்ல இல்ல. தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்.

2008 பிப்ரவரி 24 அன்னிக்கு பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள்ள யூட்யூபைத் தடுக்கறதுக்காக அதோட 256 முகவரிங்க தன்கிட்ட இருக்கறதா அறிவிச்சுது. யூட்யூப் அறிவிச்சிருந்தது 1024 முகவரி கொண்ட பெரிய தொகுதி. ஊரை விடத் தெரு துல்லியம், இல்லையா? நாட்டுக்குள்ள இருக்க வேண்டிய அறிவிப்பு, மேல இணைப்புக் கொடுத்த கம்பெனி வடிகட்டாததால வெளியே கசிஞ்சுது. உலகத்துல பெரும்பகுதிக்கு யூட்யூப் ரெண்டு மணி நேரத்துக்கு மேல தடுமாறிச்சு.

இதையெல்லாம் கதையாத்தான் படிச்சிட்டிருந்தேன், எங்களுக்கே நடக்கிற வரைக்கும். நாங்க பராமரிக்கிற ஒரு கிளையன்ட், தேர்வு விண்ணப்பம் வாங்கற தளம் நடத்தறாங்க. கடைசி நாள் சாயங்காலம் பாதிப் பேருக்குத் தளம் திறக்கலை. சர்வரைப் பாத்தா ஜம்முனு ஓடுது. எங்கேயோ ஒரு நாட்டுல இருக்கிற சின்ன நெட்வொர்க் இவங்க முகவரியைத் தன்னுதுன்னு அறிவிச்சிருக்கு. நாங்களும் அதே அளவுக்குத் துல்லியமா அறிவிச்சோம், மெயில் போட்டோம், போன் போட்டோம். அம்பது நிமிஷம் ஆச்சு. நடுவுல ஒரு பொண்ணோட அப்பா உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். "தம்பி, சர்வர் படுத்துடுச்சா? எம்பொண்ணு அழுவுது." சர்வர் படுக்கலைங்க, வழி தப்பிப் போகுதுன்னு அவருக்கு எப்படிப் புரிய வைப்பேன்? கடைசித் தேதியை ஒருநாள் தள்ளி வைக்கச் சொல்லி வாங்கினப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கிச்சு.

இதுக்கு மருந்து இருக்கு. ஆர்பிகேஐ. 2012ல ஆர்எஃப்சி 6480ஆ வந்தது. முகவரிக்குப் பட்டா வாங்கற மாதிரி. "இந்த முகவரியை இந்த ஏஎஸ் நம்பர் மட்டும்தான் அறிவிக்கலாம்"னு டிஜிட்டல் கையெழுத்து போட்டு வச்சா, அதைச் சரிபாக்கிற ரவுட்டர்கள் பொய் அறிவிப்பைத் தள்ளிடும். ஆனா பட்டா நிலம் யாருதுன்னுதான் சொல்லும், வழியில யார் யார் நிக்கறாங்கன்னு சொல்லாது. வழி முழுக்கக் கையெழுத்து கேக்கிற பிஜிபிசெக் 2017லயே ஆர்எஃப்சி 8205ஆ வந்தாச்சு, ஆனா பெரும்பாலும் காகிதத்தோட நிக்குது. எல்லாரும் சேர்ந்தாத்தான் பலன், முதல்ல சேர்றவருக்குச் செலவு மட்டும்தான்.

ஒரு சர்வாதிகாரி இருந்தா ஒரே நாள்ல உத்தரவு போட்டு முடிச்சிருப்பாரேன்னு அன்னிக்கு ராத்திரி எனக்கும் தோணிச்சு. ஆனா அப்படி ஒருத்தர் இருந்தா, யாரைச் சேர்க்கறது, யாரை அறுத்து விடறதுங்கறதும் அவர் இஷ்டம்தானே. யார்கிட்டயும் கைகட்டி நிக்காம இத்தனை நெட்வொர்க் சேர முடிஞ்சதுக்கும், இன்னிக்கு ஒரு ஓட்டையை அடைக்க ஒவ்வொருத்தரையா கெஞ்சறதுக்கும் காரணம் ஒண்ணேதான். கெஞ்சறது பலிக்கவும் செய்யுது. 2024 மே மாசத்துல ஐபிவி4 வழிகள்ல பாதிக்கு மேல பட்டா வந்தாச்சு. யாரும் சட்டம் போட்டு மிரட்டலை.

எங்க கிளையன்ட்கிட்ட கையெழுத்து போடச் சொன்னப்ப, "இதுவரைக்கும் யாரும் கேக்கலையே சார்"னாங்க. மூணு மெயில், ரெண்டு மீட்டிங். இப்ப போட்டாச்சு.

உங்கள்ல யாராவது ஐபி முகவரி சொந்தமா வச்சிருக்கிற கம்பெனியில ஆணி புடுங்கிட்டிருந்தா, நாளைக்கு நெட்வொர்க் டீம்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க மக்களே: "நமக்குப் பட்டா இருக்கா?" இல்லைன்னாங்கன்னா விடாம நச்சரிங்க. அங்க வேற முதலாளி யாரும் வந்து கேக்கப் போறதில்ல :-)