தொண்டைமானுக்குப் புரிந்ததா?

வஞ்சப்புகழ்ச்சி அணி என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். இலக்கணம், சான்று, பொருத்தம் என்று தலைப்புப் போட்டு, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போடுவார்கள். சான்று பெரும்பாலும் 1073-ஆம் குறள். நினைத்தபடி நடப்பதில் கயவரும் தேவரும் ஒன்று என்று வள்ளுவர் சிரிக்காமல் சொல்வது. அதை எழுதும் பிள்ளைகளும் சிரிப்பதில்லை. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட.

ஒருமுறை தலைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன். புறநானூற்றின் 95-ஆம் பாட்டைக் கரும்பலகையில் எழுதி, பொருளும் சொன்னேன். இங்கே இருக்கும் ஆயுதங்கள் மயிற்பீலி கட்டி, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எம் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. யார் பாடியது, யாரிடம் பாடியது என்பதை மட்டும் சொல்லவில்லை. கருத்தை எழுதச் சொன்னேன். பாதி வகுப்பு ஒரே விடை: முதல் அரசர் ஆயுதங்களை நன்றாகப் பராமரிக்கிறார், இரண்டாமவர் கவனிப்பதில்லை.

இவர்கள் நக்கல் தெரியாத பிள்ளைகளா? “அவன் பெரிய கலெக்டர்” என்றால் அவன் கலெக்டர் இல்லை என்று இவர்களுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். “ரொம்ப நல்லாருக்குடா உன் நியாயம்” என்பதில் வசைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. எட்டு மணிக்கு எழுந்து வரும் மகளை அம்மா “வாங்க மகராசி” என்று வரவேற்கும்போது குத்துவது அந்த ‘ங்க’தான். நம் வீடுகளில் மரியாதை திடீரென்று கூடினால் ஆபத்து என்று அர்த்தம். கிண்டல் வேறு, குத்தல் வேறு, எகத்தாளம் வேறு என்று இந்தப் பிள்ளைகள் பிரித்துச் சொல்லும் நுட்பம் எனக்கு வராது. அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று தொல்காப்பியர் இரண்டாகப் பிரித்ததைச் சொன்னபோது, “டைரக்டா கலாய்க்கிறது, இன்டைரக்டா கலாய்க்கிறது” என்று பின்வரிசையிலிருந்து உரை வந்தது. அதைவிட நல்ல உரை என்னிடம் இல்லை.

காதில் விழுந்தால் பிடித்துக்கொள்கிறவர்களுக்குத் தாளில் பிடிபடவில்லை. தாளுக்குக் குரல் இல்லையே. எனவே ஒரு மாணவியை எழுப்பி, பக்கத்து வீட்டுக்காரி புது ஃப்ரிட்ஜைக் காட்டுகிறாள், நீ பார்க்கிறாய், அந்தக் குரலில் வாசி என்றேன். பீலியையும் மாலையையும் நெய்யையும் அவள் ஒவ்வொன்றாக இழுத்து நிறுத்தி வாசிக்க, மாலைக்கு வரும்போதே வகுப்பு சிரித்துவிட்டது.

அதன்பிறகுதான் பாட்டின் கீழே பழையவர்கள் எழுதிவைத்த குறிப்பைச் சொன்னேன். அதியமான் தூது அனுப்ப, ஔவை தொண்டைமானிடம் போனார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அப்போது பாடியது. பாட்டுக்குள் இரண்டு பேர் பெயரும் இல்லை. அந்தக் குறிப்பு மட்டும் தொலைந்திருந்தால் நாமும் ஆயுதப் பராமரிப்பு பற்றித்தான் எழுதிக்கொண்டிருப்போமோ என்னவோ.

தப்பாக எழுதிய ஒருவன் எழுந்தான். “சார், நான் புரிஞ்சுகிட்ட மாதிரிதானே தொண்டைமானும் புரிஞ்சிருப்பான்? அவனுக்கு உடனே புரிஞ்சிருந்தா தூது போனவங்க திரும்பி வந்திருப்பாங்களா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒருவருக்குப் புரியாமலும் பக்கத்தில் நிற்பவருக்குப் புரியும்படியும் பேசுகிற கலை இது என்று நான் ஒருநாளும் நடத்தியதில்லை. பொருத்தம் எழுதவைத்ததோடு சரி. அவன் தாளில் சிவப்பு மையால் போட்டிருந்த பெருக்கல் குறி என் கையிலேயே இருந்தது.

வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. புரிந்துதான் போர் வேண்டாமென்று விட்டிருப்பான் என்றது ஒரு கட்சி. புரியாமல் பல்லைக் காட்டியிருப்பான் என்றது இன்னொன்று. குறிப்போ, ஔவை பாடியதோடு நின்றுவிடுகிறது. மணி அடித்தது. ஃப்ரிட்ஜ் குரலில் வாசித்த மாணவி பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “புரியாம, பாராட்டுன்னு நெனச்சு அவன் பரிசு குடுத்திருந்தா, பாட்டி வாங்கிட்டு வந்திருப்பாங்களா சார்?”

சங்க கால ஔவை பாட்டி இல்லை என்று திருத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.