ஒற்றை விரலால் அம்மா காட்டிய இடம்

முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து 9 மாதமாகியும் அம்மாவால் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. கீழ் முதுகில் 2 எலும்புகளை டைட்டானியம் ஸ்க்ரூ போட்டு இணைத்திருந்தார்கள். காலுக்கு இறங்கிய பழைய வலி போய்விட்டது. இது புது வலி. வலது பின்னிடுப்பில், படுக்கையில் புரண்டாலே சுரீரென்று இழுக்கும்.

'ஸ்க்ரூ லூஸாகியிருக்கும்' என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆனால், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ எல்லாம் சரியாகவே இருந்தன. "பழகிக்கோங்க" என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர், மறுபடியும் ஆபரேஷன் என்றார். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

அடுத்து பார்த்த வலி நிவாரண மருத்துவர், "எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்கம்மா" என்றார். அம்மாவின் விரல் தையல் தழும்புக்குப் போகவே இல்லை. அதற்கும் கீழே, ஓரமாகக் குழி விழும் இடத்தில் நின்றது. முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு, சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு அங்கேதான் இருக்கிறது. மேலே உள்ள எலும்புகளை அசையாமல் இணைத்துவிட்டால், அவற்றின் சுமை இந்த மூட்டுக்கு இறங்கலாம். (கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் வேலையை நிறுத்தினால் அது யார் தலையில் விழும் என்று எந்த மருமகளையும் கேளுங்கள்!)

ஸ்கேனில் இது பெரும்பாலும் பிடிபடாது. அதனால் காலையும் இடுப்பையும் பலவிதமாக அழுத்தி, மடக்கிப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி. சிகிச்சை என்பதைவிட அது ஒரு பரிசோதனை. மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தால், வலிக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூட்டுதான். அன்று மத்தியானம் அம்மா ஒரு முழு சீரியலை உட்கார்ந்தே பார்த்தார்.

கூடவே போட்ட ஸ்டீராய்டு 2 மாதம் தாங்கியது. வலி திரும்பியதும், அந்த மூட்டின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் சின்ன நரம்புகளை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்கச் செய்தார்கள். தையல் இல்லை, மாலையே வீடு. ஆனால், நரம்பு மறுபடி வளரும், வலியும் திரும்பலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எதற்கும் மசியாத வலிக்கு, சின்னக் கீறல் வழியாக அந்த மூட்டையே இணைக்கும் ஆபரேஷனும் உண்டு. அது கடைசிக் கட்டம்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் எல்லா வலிக்கும் இந்த மூட்டு காரணமில்லை. காய்ச்சல், கால் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிக்கல் என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மற்றபடி வலி நீடித்தால், இரண்டாவது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், "எஸ்.ஐ. மூட்டைப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

அம்மா இப்போது கோயில், கல்யாணம் எல்லாம் போய் வருகிறார். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியைச் செய்தீர்களா என்று கேட்டால் மட்டும், "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விடுகிறார்.