தட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான்

ஓப்பன் சோர்ஸ் குழுக்களில் தொல்லை கொடுப்பவர் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? எல்லாரையும் திட்டிக்கொண்டு திரியும் முகம் தெரியாத ஆசாமி, இல்லையா? அவரைச் சமாளிப்பது ஈசி. ஒரு தடவை எச்சரிக்கலாம், அடங்கலேன்னா பிளாக் பண்ணிடலாம். கஷ்டமான கேஸ் வேற. அதுக்குச் சிரிச்ச முகம், கையில் லேப்டாப், கழுத்தில் காலேஜ் ஐடி கார்டு.

ஹேக்டோபர்ஃபெஸ்ட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2014-ல் டிஜிட்டல் ஓஷன் தொடங்கியது. 2020-ல், அக்டோபரில் நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-சர்ட் கிடைத்தது. அந்த வருஷம் என்ன ஆச்சு? ரீட்மி கோப்பில் ஒரு வரியை மாற்றி அனுப்புவது எப்படி என்று நம்ம நாட்டு யூடியூப் வீடியோ ஒன்று செய்து காட்டியது. அவ்வளவுதான். உலகம் முழுக்க உள்ள ப்ராஜெக்ட்களில் 'அருமையான ப்ராஜெக்ட்' என்று ஒட்டிவிட்டுப் போகும் ரிக்வெஸ்ட்கள் குவிந்தன. விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்கள் மட்டும்தான் கணக்கு என்று அந்த அக்டோபர் 3-ஆம் தேதியே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. சரி, டி-சர்ட் ஆசை என்று விட்டுவிடலாமா? 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் ப்ராஜெக்டுக்கும் இதே கதி. அங்கே பரிசே கிடையாது. ஒரு பாட வீடியோவைப் பார்த்து, அதில் காட்டிய ப்ராஜெக்டிலேயே நம்ம பசங்க தங்கள் பெயரை எழுதி எழுதி அனுப்பினார்கள்.

'ஒரு வரிதானே, இதுல என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். மறுபக்கம் ஒரு ஆள் இருக்கிறார். பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த ராத்திரியில் உட்காருகிறவர். ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, மூட வேண்டும். அந்தக் குப்பைக்கு நடுவில் நிஜமான ஒரு பிழைத் திருத்தமும் மாட்டிக்கொள்ளும்.

எங்க ஊர் தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்து ஐராவதேஸ்வரர் கோயில், 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே பலிபீடத்தை ஒட்டி ஒரு சின்னப் படிக்கட்டு. தட்டினால் படிக்குப் படி வேற வேற சத்தம் வரும். இன்றைக்கு அதுக்கு இரும்புக் கம்பி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். தட்டியவர்களில் கல்லை உடைக்கணும்னு வந்தவர் யாரும் இல்லை. 'நான் ஒருத்தன் தட்டினா என்ன ஆயிடப் போவுது' என்று வந்தவர்கள்தான். அவர்கள் கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். கம்பிக்கு வெளியே நிற்பது எங்க ஊர்ச் சின்னப் பசங்க. கிட்ஹப்பிலும் கம்பி உண்டு: ஏற்கெனவே பங்களித்தவர்கள் மட்டும் எழுதலாம் என்று ஒரு ப்ராஜெக்டைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தலாம். அப்போது வெளியே நிற்பது யார்? நிஜமாகவே ஏதோ செய்ய வரும் உங்க ஜூனியர்.

இதை விட ஆபத்தான வகை ஒன்று இருக்கிறது: அவசரப்படுத்துகிறவர்கள். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-இசட் மென்பொருளை லாஸே கொலின் என்பவர் கவனித்துவந்தார். 2022-ல் முன்பின் தெரியாத சில கணக்குகள், ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவரை நச்சரித்தன. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, மனநலமும் சரியில்லை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில் 'ஜியா டான்' என்ற பெயரில் உதவிக்கொண்டிருந்தவருக்கும் பொறுப்பில் பங்கு கொடுத்தார். 2024-ல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வாசல் இருந்தது. லாகின் ஆக அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னார். நச்சரித்த கணக்குகளும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதிதான் என்று பலரும் நினைக்கிறார்கள்.

அப்போ எப்படித்தான் சமாளிப்பது? சப்வெர்ஷன் ப்ராஜெக்டில் வேலை செய்த பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக், பென் காலின்ஸ்-சஸ்மன் இருவரும் 2007-ல் இதைப் பற்றியே ஒரு உரை நிகழ்த்தினார்கள். குழு முதலில் காப்பாற்ற வேண்டியது தன் கவனத்தை என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது எங்க காலேஜ் லினக்ஸ் குழுவில்தான் முழுசாகப் புரிந்தது.

அங்கே ஒருத்தன் இருந்தான். ராத்திரி பன்னிரண்டுக்கு 'அர்ஜென்ட்' என்று எல்லாரையும் டேக் பண்ணுவான். எர்ரர் என்ன என்று கேட்டால் கோபம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். முதல் வருஷப் பொண்ணு ஒருத்தி ஒரு சந்தேகம் கேட்டபோது, "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பு எமோஜி போட்டான். அவள், "பரவாயில்ல அண்ணா, நானே பாத்துக்கறேன்" என்று எழுதிவிட்டு குழுவை விட்டே போய்விட்டாள். சத்தம் போடுகிறவன் எல்லார் கண்ணுக்கும் தெரிவான். சத்தமில்லாமல் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை.

நாங்கள் செய்தது மூன்றுதான். கேள்வி கேட்கும் முறையை நாலு வரியில் எழுதி மேலே பின் செய்தோம்: என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், வந்த எர்ரர் என்ன. அடுத்து, அவனிடம் தனியாகப் பேசினோம். 'நீ மோசம்' என்று சொல்லவில்லை. 'நீ எழுதிய இந்த வரி, இதனால் இது நடந்தது' என்று காட்டினோம். மூன்றாவது, ஒரே ஆள் தினமும் அவனுக்குப் பதில் சொல்லிச் சோர்ந்துபோகாமல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். அவன் திருந்தினானா? இல்லை. இரண்டு வாரத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டான். ஆனால் அந்தப் பொண்ணை நாங்களே கூப்பிட்டோம், வந்தாள். போன மாசம் ஒரு தமிழ் எழுத்துரு சிக்கலுக்கு அவள்தான் குழுவில் விடை சொன்னாள்.

பிளேஸ்மென்ட் சீசன் வருகிறது. ரெஸ்யூமேயில் 'ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பாளர்' என்று போட உங்களுக்கும் ஆசை இருக்கும், தப்பே இல்லை. முதலில் நீங்கள் தினம் பயன்படுத்தும் ஏதோ ஒன்றில், உங்களுக்கே இடித்த ஒரு பிழையைத் தேடுங்கள். ரிக்வெஸ்ட் அனுப்பும் முன், 'இதைப் படிக்க அவருக்கு ஆகும் பத்து நிமிஷத்துக்கு இது தகுமா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். தகும்னா, தயங்காம அனுப்புங்க.