கப்பல் விருந்துக்கு வேட்டி கட்டலாமா?

"அக்கா, அப்பாவுக்கு ரெண்டு பேண்ட் எடுத்துரு. காலர் வெச்ச முழுக்கைச் சட்டை ரெண்டு. கறுப்பு ஷூ ஒண்ணு. வேட்டி வேண்டாம்னு நீயே பக்குவமா சொல்லிரு."

சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. அப்பா, அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்காக அவன் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், மறுபடி சிங்கப்பூர். மூன்று ராத்திரி. துணைக்கு நானும். இரண்டாவது ராத்திரி ஒரு 'ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்'டில் மேஜை சொல்லி வைத்திருக்கிறானாம். அங்கேதான் உடை விதி.

கப்பலில் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுற்றுலாக் கப்பலில் டிக்கெட்டோடு சாப்பாடும் சேர்த்திதான். பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒன்று, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே ஒன்று. அதற்கு மேல் இத்தாலியச் சாப்பாடு, ஜப்பான் சாப்பாடு, இறைச்சி வறுவல் என்று சின்னச் சின்ன உணவகங்கள் தனியாக இருக்கும். அங்கே தனிக் காசு, முன்பதிவு. பஃபேவில் யாரும் உடையைப் பார்ப்பதில்லை. இந்தத் தனி உணவகங்களில் பார்ப்பார்கள். பெரும்பாலும் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று போட்டிருக்கும்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். நம் ஊர்க் கணக்கில் சொல்வதென்றால், 'கேஷுவல்' கடைவீதிக்குப் போகிற உடை. 'ஸ்மார்ட் கேஷுவல்' பெண் பார்க்கப் போகிற உடை. 'ஃபார்மல்' ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை நிற்கிற உடை. விதியில் உண்மையில் தடுக்கப்படுவது நீச்சல் உடை, அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு, வெறுங்கால், இவ்வளவுதான். குயின் மேரி 2 மாதிரியான கப்பல்களில் கறுப்புக் கோட், போ டை போடுகிற ராத்திரிகள் இன்னும் உண்டு. நாங்கள் போனது அந்த ஜாதிக் கப்பல் இல்லை.

அம்மாவுக்குப் பிரச்சினையே இல்லை. பீரோவைத் திறந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து வைத்துவிட்டாள். சேலைக்கு உலகத்தில் பெரும்பாலும் கதவு திறந்துதான் இருக்கிறது. 2021-ல் டெல்லியில் ஓர் உணவகத்தில் சேலை 'ஸ்மார்ட் கேஷுவல்' ஆகாது என்று சொன்னதாக ஒரு வீடியோ வந்து, நாடே கொதித்தது ஞாபகம் இருக்கும். ஆனால் அது அபூர்வம் என்பதால்தான் அவ்வளவு கொதித்தது. வேட்டிக்கு அப்படி யார் கொதிப்பார்கள்? பாதிப் பேர், "அதான் விதி, பேண்ட் போட்டுட்டுப் போனா என்ன?" என்பார்கள்.

என் தம்பி அந்தப் பாதியைச் சேர்ந்தவன்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "நைட் கிளப்புக்கே நான் சாரம் கட்டிட்டுப் போறவன். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சட்டமா?" வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் ஆட்டமும் பாட்டமும் இல்லை, சாயங்காலம் கல்லைப் பற்ற வைக்கிற புரோட்டாக் கடை. சாரம் என்பது கைலி.

சிரித்து முடித்ததும் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"பேண்ட் போட்டா அது டூட்டி. டூட்டி முடிஞ்சி குளிச்சாத்தான் வேட்டி. இம்புட்டுச் செலவு பண்ணிக் கப்பல்ல விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, டூட்டி டிரெஸ்ல உக்காரச் சொல்லுதான் உன் தம்பி."

அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் வின்ச்மேனாக இருந்தவர். 1974-ல் நம் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டித்தான் அவருக்கு வேலையும் கல்யாணமும். முப்பது வருஷத்துக்கு மேல் காக்கி பேண்ட். நிலக்கரிக் கப்பல் வந்த நாட்களில் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வரமாட்டார். பின்பக்கம் போய், கிணற்றடியில் நின்று, அம்மா தண்ணீர் ஊற்ற ஊற்ற கறுப்பு ஓடையாக ஓடும். காக்கி தனி வாளியில் ஊறும். பிறகுதான் வெள்ளை வேட்டி. அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் எங்களைக் கிட்டே வரச் சொல்வார். எங்களுக்கு அப்பா வீடு திரும்பினார் என்பதற்கு அடையாளம் சைக்கிள் மணி இல்லை, அந்த வேட்டி.

எத்தனையோ நாட்டுக் கப்பல்களில் ஏறி இறங்கியிருக்கிறார். ஒன்றில்கூட மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தூக்குவாளிச் சாப்பாடு, அதுவும் பெரும்பாலும் கீழே, கொட்டகை நிழலில். ஒரு தடவை ஏதோ ஒரு கிரேக்கக் கப்பலில் அதிகாரிகளின் சாப்பாட்டு அறைக் கதவு திறந்திருந்ததாம். வெள்ளைத் துணி விரித்த மேஜை, கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர்கள். "காக்கியோட எப்படி உள்ள எட்டிப் பாக்க? அப்படியே திரும்பிட்டேன்" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். வருத்தமாகச் சொல்லமாட்டார். மழை பெய்தது என்பது போலச் சொல்வார்.

ஆக, வெள்ளைக்காரக் கணக்கில் பேண்ட் கௌரவம், வேட்டி வீட்டு உடை. எங்கள் வீட்டுக் கணக்கு நேர் எதிர். தம்பிக்கு இது தெரியாதது இல்லை. அவனுக்கு அப்பாவை வாசலில் யாராவது நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

பயம் காரணமில்லாதது என்றும் சொல்லமுடியாது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப் வாசலில் வேட்டிக்காகத் தடுத்தார்கள். ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனவர் அவர். சட்டசபையில் பெரிய விவாதம் ஆகி, அடுத்த மாதமே சட்டம் வந்தது. வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ கட்டி வந்தவரை கிளப் போன்ற இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம். ஆனால் அது தமிழ்நாட்டுக் கரையோடு நின்றுவிடும். மலாக்கா ஜலசந்தியில் போகிற கப்பலில் யாரிடம் போய்க் காட்டுவது?

கப்பலில் என்ன உடுத்துவது என்று தவித்ததில் நாம் முதல் ஆள் இல்லை. 1888-ல் பதினெட்டு வயதில் லண்டனுக்குக் கப்பல் ஏறிய காந்தியின் கதை அவரது சுயசரிதையிலேயே இருக்கிறது. முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கத் தெரியாது, எதில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் கூச்சம். அதனால் சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே சாப்பிட்டிருக்கிறார். கப்பலில் கறுப்பு உடை போட்டவர், இறங்கும்போது அழகாக இருக்கட்டும் என்று வெள்ளை ஃபிளானல் உடையைப் பத்திரமாக வைத்திருந்து போட்டுக்கொண்டார். செப்டம்பர் கடைசி. இறங்கிப் பார்த்தால் வெள்ளையில் நின்றவர் அவர் ஒருவர்தான். எட்டு வருஷம் கழித்துத் தென்னாப்பிரிக்காவுக்குக் குடும்பத்தோடு போனபோது கஸ்தூரிபாவுக்குப் பார்சி முறையில் சேலை, பிள்ளைகளுக்குப் பார்சி கோட்டு, எல்லோருக்கும் பூட்ஸ், காலுறை. அதே மனிதர்தான் 1921-ல் மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931-ல் அந்த உடையோடு லண்டனுக்கும் கப்பலில் போனார்.

இதைச் சொன்னதும் அப்பா, "அவரு காந்தி. நான் வின்ச்மேன்லா" என்றார். வேட்டிக்காக வாதாடப் போனால் வேட்டிக்காரரே எதிர்க்கட்சியாகிவிட்டார்.

கடைசியில் நான் செய்தது ரொம்பச் சாதாரண வேலை. தம்பியைக் கப்பல் கம்பெனிக்கே ஒரு மெயில் போடச் சொன்னேன். வேட்டி கட்டிய படம் ஒன்றையும் சேர்த்து. இரண்டு நாளில் பதில்: தேசிய உடைக்குத் தடையில்லை, காலில் மூடிய செருப்போ ஷூவோ இருந்தால் போதும். இதைப் பல கப்பல் கம்பெனிகள் விதியிலேயே சொல்லியிருக்கின்றன. நாம்தான் கேட்பதற்கு முன்பே பேண்ட் வாங்கக் கடைக்குப் போய்விடுகிறோம். நீங்கள் போவதாக இருந்தால் அந்தப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற பையனோடு வாதம் செய்வதைவிடக் காகிதத்தை நீட்டுவது எளிது.

வேறு சில விஷயங்களும் உண்டு. இஸ்திரிப் பெட்டியைக் கப்பலில் கொண்டுபோக விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் என்ற பயம். கஞ்சி போட்ட வேட்டியை எங்கள் தெரு இஸ்திரிக்காரர் செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தது போலவே பெட்டியில் மேலாக வைத்தோம். நாலு முழமும் வேண்டாம், எட்டு முழமாக எடுங்கள். ஏசி எலும்பு வரை குத்தும். சட்டைக்குள் பனியன் முக்கியம், பெண்களுக்கு ஒரு சால்வை. டெக்கில் கடல்காற்று வேட்டியோடு விளையாடும். அப்பா சைக்கிள் காலத்துத் தோல் பெல்ட்டை வேட்டி மேல் இறுக்கிக்கொண்டார். அதுவும் 'ஸ்மார்ட்'டாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பினாங்கிலிருந்து கப்பல் கிளம்பியது. ஏழரைக்கு மேஜை. ஆறரைக்கே வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ எல்லாம் தயார். ஆனால் ஆளைக் காணோம். தேடிப் போனால், முன்பக்கம் ஓர் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே கயிறு அவிழ்க்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கயித்தைச் சுத்துற வேகம் போதாது" என்று எனக்கு விளக்கம் வேறு. அம்மா வந்து, "இங்கயும் டூட்டியா?" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

உணவக வாசலில் நின்ற பெண் பிலிப்பைன்ஸ்காரி. கோட், கழுத்துப்பட்டி, பெயர்ப்பட்டை. மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். என் கை பைக்குள் இருந்த காகிதத்தைத் தேடியது. "வெரி நைஸ், சார்" என்று சொல்லி, அப்பாவுக்கு முன்னால் நடந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவ்வளவுதான். காகிதம் பையிலேயே இருந்துவிட்டது.

அப்பா உட்கார்ந்து முதலில் செய்தது மேஜைத் துணியைத் தடவிப் பார்த்தது. பிறகு கவிழ்த்து வைத்திருந்த தம்ளரை நிமிர்த்தி வைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் கிரேக்கக் கப்பலைப் பற்றிச் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, மீனில் உப்பு பத்தவில்லை. உப்பளத்து ஊர்க்காரர்களுக்கு எங்கேயும் பத்தாது.

பக்கத்து மேஜையில் நீளமான கறுப்பு கவுன் போட்ட ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. கழுத்தில் இரண்டு வரிசை முத்து. எங்கள் அம்மாவின் கண் அதைவிட்டு நகரவில்லை.

"பார் முத்தா, வளர்ப்பு முத்தா?" என்று என் காதில் கேட்டாள்.

தூத்துக்குடிக்காரியிடம் கேட்கக்கூடாத கேள்வி, அவளே கேட்கிறாள். 1973-ல் இந்தியாவில் முதன்முதலாக வளர்ப்பு முத்து எடுத்தது எங்கள் ஊர்க் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில்தான். அசல் பார் முத்துக்காகக் கடைசியாக எங்கள் கடலில் முத்துக் குளித்தது 1961-ல். அப்பாவின் அப்பா அந்த வருஷம் தோணியில் கயிறு பிடித்தார். முத்துக் குளிப்பவர் கோவணத்தோடு, கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மேலே கயிறு பிடிப்பது பெரும்பாலும் மச்சானாக இருப்பார், தங்கச்சி தாலி அவர் கையில் இருக்கிறதே என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கரையில் குவித்த சிப்பி அழுகுகிற நாற்றம் ஊர் முழுக்க இருந்ததை இன்னும் சொல்வார்.

அந்த முத்தெல்லாம் இப்படி கவுன் போட்ட கழுத்துகளுக்குத்தான் போயிருக்கும். "எங்க அப்பன் எடுத்ததா இருந்தாலும் இருக்கும், கேட்டுப் பாரேன்" என்று அப்பா அம்மாவைச் சீண்டினார்.

அம்மாவுக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்று. முத்தைப் பல்லில் வைத்து லேசாகத் தேய்க்க வேண்டும். மணல் மாதிரி நறநறவென்றால் முத்து, வழுக்கினால் கண்ணாடி மணி. அசலா வளர்ப்பா என்பது அதில் தெரியாது, ஆனால் அம்மா அதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டாள். அந்த வெள்ளைக்கார அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து, சேலையைக் காட்டி, "பியூட்டிஃபுல்" என்றார். அம்மாவும் சிரித்துக்கொண்டு நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்தினாள். பல்லில் தேய்த்துப் பார்க்கக் கேட்டுவிடுவாளோ என்ற பயத்திலேயே நான் ஐஸ்கிரீமை முடித்தேன்.